வில்லனுக்குப் பூசிய கறுப்பு

மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வது என் தொழில். போன வருடம் கனடாவிலிருந்து வந்த இயக்குநர் ஒருவர், தன் திரில்லர் படத்தின் முதல் காட்சிக்கு வில்லனை ஆயத்தம் செய்ய என்னை வாவிக்கரைக்கு அழைத்தார். வில்லனாக நடிக்க வந்தவன் அவருடைய மச்சான், நல்ல வெள்ளை. அவனுக்குக் கறுப்புப் பூசி, கன்னத்தில் வெட்டுத் தழும்பு வைத்து, சாரத்தை மடித்துக் கட்டிவிட வேண்டுமாம்.

“ஏன் தம்பி கறுப்பு?” என்றேன்.

“கெட்டவன் எண்டு அவன் வாய் திறக்க முதல் சனத்துக்கு விளங்கோணும் அக்கா.”

அவ்வளவு தூரம் போய்ப் படித்து வந்தது இதைத்தான்.

காட்சிக்குத் தோணி தர வந்த மீனவர் பக்கத்தில் நின்றார். வெயிலில் கறுத்தவர், கன்னத்தில் பழைய தழும்பும் இருந்தது. இயக்குநர் அவரை விரலால் சுட்டி, “இந்தா, இவரப் போல செய்யுங்க. சரியா வரும்” என்றார். மச்சான் இளித்தான்.

மீனவர் சிரிக்கவில்லை. “அப்ப கெட்டவன்ட தோணி உங்களுக்கு என்னத்துக்குத் தம்பி?” என்று கேட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்துத் தோணியோடு போய்விட்டார்.

நானும் தூரிகையைக் கழுவிப் பெட்டியை மூடினேன்.

“நீங்களுமா அக்கா?”

“ஓம், நானும் போறன். உங்கட மச்சானுக்கு நீங்களே பூசுங்க.”

பூசியிருக்கிறார்கள். படம் யூடியூபில் வந்தது. வாவி நடுவில் வரவேண்டிய வில்லன் கரையில் நின்று முறைத்தான். முகம் மட்டும் தார் போலக் கறுப்பு. காதும் கழுத்தும் வெள்ளை. முதல் காட்சியோடு நிறுத்திவிட்டேன். அதுவே அதிகம்.