பவுடர் பூசிய மரப்பாச்சி

பம்பாயில் தாதர் டிராம் நின்றுபோன வருஷம். மாதுங்காவில் எங்கள் வீட்டுக் கொலுவுக்குப் படி கட்டியபோது மரப்பாச்சிப் பொம்மைகளைக் காணவில்லை. முதலில் வைக்க வேண்டியவை அவைதான். கருத்த மரத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி.

பதினாலு வயது மகளிடம் கேட்டேன். "இந்த வருஷம் அது வேண்டாமேம்மா" என்றாள். முகத்திலும் கழுத்திலும் திட்டுத் திட்டாகப் பவுடர்.

காரணம் தெரியும். முந்தின வருஷம் எதிர் பில்டிங்கிலிருந்து அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அம்மாக்களோடு கொலு பார்க்க வந்தார்கள். ஒருத்தி பெண் பொம்மையைக் காட்டி, "ஏய், இது நீதாண்டி" என்றாள். மறுநாளிலிருந்து பள்ளியில் என் மகளுக்கு அதுவே பெயர். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பின் பெஞ்சிலிருந்து, "மரப்பாச்சி பிரசென்ட், மிஸ்" என்று குரல் வருமாம். அவள் பாட்டு கிளாசை விட்டாள். கண்ணாடி முன் நிற்பதை விட்டாள். பார்க்காமல் பூசுவதால்தான் அந்தத் திட்டுகள்.

டீச்சரிடம் போனேன். "நம்மவா கொழந்தைகள்தானே மாமி, வெளையாட்டுக்குக் கூப்பிடறதுகள்" என்றாள். கணவர் பேப்பரை இறக்காமலே, "நீ பெரிசு பண்ணலேன்னா அவளும் மறந்துடுவா" என்றார். ஒரு வருஷம் ஆயிற்று, மறக்கவில்லை. இதை இன்னும் யாரிடம் போய்ச் சொல்வது?

டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய புடவைக்குள் பொம்மைகள் கிடைத்தன. ஆண் பொம்மை இருந்தபடி இருந்தது. பெண் பொம்மைக்குத் தலை முதல் கால் வரை பவுடர் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். கண் செதுக்கிய கோடுகளிலிருந்து மட்டும் போகவில்லை. திரும்பவும் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

குங்குமச் சிமிழோடு வீடு வீடாக அழைக்கப் போனபோது அந்த இரண்டு வீடுகளையும் விட்டேன். மூன்றாம் நாள் எங்கள் பில்டிங்கில் வேறொரு கொலுவுக்கு வந்திருந்த, அந்தப் பெண்களில் ஒருத்தியின் அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"கொழந்தைகள் வெளையாட்டுக்காகவா எங்களை விட்டுட்டேள்?"

"ஆமாம். அதுக்குத்தான்" என்றேன். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் லேசானது.

கதவருகே மகள் நின்றிருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஏம்மா சொன்னே? நாளைக்கு நான்தானே ஸ்கூலுக்குப் போகணும்?"

நவராத்திரி முடிந்த வாரம் புதுப் பவுடர் டப்பா கேட்டாள். தாதருக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.