அப்ப கோல்ல நின்னது யாரு?

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய மாணவர் சங்கத்தார் இன்னாசி மாமாவுக்கு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி, நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கேட்டபோது, "உண்மையையும் எழுதலாமா?" என்று கேட்டேன். "இடம் இருந்தா அதையும் எழுதும்மா" என்றார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. அந்தமானில், எங்கள் ஷாதிபூரில், கட்டுரை எழுதுகிற பெண் என்று நான்தான் அவர்கள் கண்ணில் பட்டேன். அச்சில் வந்த பிறகு வருத்தப்படுவார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

செய்தி வந்தபோது அப்பா எங்கள் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். புரோத்ராபூரிலிருந்து இன்னாசி மாமாவின் தங்கை மகன் பேசினார். அப்பா ஒரு கையால் ஷட்டரைத் தாங்கிக்கொண்டே கேட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒத்துக்காமலே போயிட்டாரே, பாப்பா."

ஒரு மனிதர் இறந்திருக்கிறார். எங்கள் கடையில் தினமும் டீ குடித்த மனிதர். அப்பா வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை இதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. கல்லூரிக் கால்பந்து அணியின் வரலாற்றிலேயே தலைசிறந்த விங்கர் என் அப்பா 'ராக்கெட்' செல்வம்தான் என்பதை இன்னாசி மாமா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் துக்கம் அங்கேதான் தொடங்கியது.

இந்தப் பெருமைக்குரிய விவாதம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் கடையில் நடந்துவருகிறது. மைதானத்து ஓரமாகப் பந்தோடு ஓடுகிற விங்கர்களுக்குள் லெஃப்ட்டில் ஓடியவர்களில் யார் பெரியவர், ரைட்டில் ஓடியவர்களில் யார் பெரியவர், இருவரையும் ஒரே பக்கம் ஓடவிட்டால் யார் ஜெயிப்பார். பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் அவர்கள்தான். கடைக்கு முன்னால் இருக்கிற மேட்டை ஏறி வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். மூச்சு சரியானதும், ஒரு காலத்தில் தங்களை யாராலும் பிடிக்க முடியவில்லை என்று தொடங்குவார்கள். நான் மூலையில் ஸ்டூல் போட்டுப் படித்துக்கொண்டிருப்பேன். உலகப் போர்களுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு என்று என் வரலாற்றுப் புத்தகம் சொல்கிறது. எங்கள் கடைக்கு அந்தச் செய்தி வரவில்லை.

இன்னாசி மாமா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதைச் சேர்ந்தவர் அல்ல. அவர் அதே கல்லூரி அணியின் கோல்கீப்பர். பிறகு மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையிலிருந்து விமானத்தில் வரும் தமிழ்ப் பத்திரிகையைக் காசு கொடுக்காமல் படிப்பதற்காக எங்கள் கடைக்கு வருவார். கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். விங்கர்கள் மீது அவருக்கு இருந்த இகழ்ச்சி முழுமையானது. தூத்துக்குடிப் பேச்சில் அதைச் சொல்வார்.

"ஓடுதவன் எல்லாம் ஓடத்தான் செய்வான். நாய் தொரத்துனா நீயும்தான் ஓடுவே. அதுக்கு ஒரு கப்பா?"

ரைட்டில் ஓடிய தபன் தாவுக்குக் கோபம் வரும். வங்காளியானாலும் ('தா' என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்) எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். "அண்ணா, இது பக்வாஸ், சும்மா உளறல். பந்தோட ஓடுறது வேற."

"பந்து காலுல இருக்கும்போது எல்லாவனும் ராஜாதான்டே. பந்து போன பொறகு திரும்பி ஓடி வந்தியா? நான் அங்கனதான் நின்னேன். உன் முதுகைப் பார்த்திருக்கேன், மூஞ்சியைப் பார்த்ததே இல்ல."

தபன் தா தன் டீயைக் குடிக்காமலே போய்விட்டார். இன்னாசி மாமா அதையும் எடுத்துக் குடித்தார்.

அவருடைய இகழ்ச்சி எனக்கும் கிடைத்திருக்கிறது. தீவுகளுக்கான தமிழ்ப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு பள்ளிச் சீருடையோடு கடைக்கு வந்தேன். அப்பா கோப்பையை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்து எல்லோருக்கும் காட்டினார். இன்னாசி மாமா பத்திரிகையை இறக்காமலே கேட்டார்.

"எத்தனை பேரு பேசுனீங்க?"

"மூணு பேர், மாமா."

"பரிசு எத்தனை?"

"மூணு."

"அப்ப தோத்தது யாரு?"

நான் கோப்பையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க அவரை வெறுத்தேன். மறுநாள் என் பேச்சை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நன்றாகவே இல்லை. மற்ற இரண்டு பேரின் பேச்சு அதைவிட மோசம், அவ்வளவுதான்.

அப்பாவிடம் அவர் கேட்கும் கேள்வி வேறு. அப்பா ஹட் பே கதையைச் சொல்லும்போதெல்லாம் அது வரும். கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். லிட்டில் அந்தமானில், ஹட் பே ஊர் மைதானத்தில், கொட்டும் மழையில், அந்த ஊர் அணிக்கு எதிராக நாலு கோல். நாலும் அப்பா அடித்தது. அப்பா கவுண்டர் மேல் ஸ்டேப்லரையும் பஞ்சிங் மெஷினையும் டீ கிளாஸ்களையும் எதிரணி வீரர்களாக வைப்பார். கோந்து பாட்டில்தான் அப்பா. கோந்து பாட்டில் ஸ்டேப்லரைத் தாண்டும், பஞ்சிங் மெஷினை ஏமாற்றும், கவுண்டரின் ஓரத்தை எட்டும்.

"ஏலே செல்வம்" என்பார் இன்னாசி மாமா. "எல்லாச் சாமானையும் வச்சே. கோல்ல ஒண்ணையும் வைக்கலியே. அப்ப கோல்ல நின்னது யாரு?"

"அவன் பேரு இப்ப ஞாபகத்துக்கு வரலண்ணே."

"பேரு வேண்டாம்டே. ஒரு அழிரப்பரை வையி."

அப்பா எழுந்து போய், நகல் எடுக்க எதுவும் இல்லாத மெஷினைப் போடுவார். நான் ஒருமுறை இன்னாசி மாமாவிடம் தனியாகக் கேட்டேன். நீங்கள் அந்த ஆட்டத்தில் எங்கள் பக்கத்துக் கோலில் நின்றவர்தானே, என்ன நடந்தது என்று.

"உங்க அப்பன்கிட்ட கேளு. ஓடுனது அவன்."

அவருடைய இரங்கல் கூட்டத்துக்கு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் படம் வைத்திருந்தார்கள். கோல்கீப்பரைத் தனியாகப் படம் எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை போலும். பழைய அணிப் படம் ஒன்றைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதில் முன்னால் நிற்கிற யாரோ ஒரு விங்கர் தூக்கிப் பிடித்த கோப்பை இன்னாசி மாமாவின் தாடையை மறைத்தது. மீதி முகத்தை மாலை மறைத்தது.

பேசியவர்கள் எல்லோரும் 'இன்னாசி அண்ணன்' என்று தொடங்கி 'நான்' என்று முடித்தார்கள். ஒருவர் தன் முழங்கால் ஆபரேஷனை விவரித்தார். இன்னொருவர் தன் மகன் மெயின்லேண்டில் என்ன படிக்கிறான் என்பதைச் சொன்னார். பிறகு சங்கத் தலைவர் கான்ட்ராக்டர் பாலு எழுந்து, இன்னாசி நினைவுக் கோப்பை என்று ஒன்றை ஆண்டுதோறும் கொடுக்கப் போவதாக அறிவித்தார். யாருக்கு? கல்லூரியின் சிறந்த விங்கருக்கு. அது மட்டுமல்ல, கோப்பையின் அடியில் கல்லூரி வரலாற்றின் தலைசிறந்த விங்கர் பெயரையும் நிரந்தரமாகப் பொறிக்கப் போகிறார்களாம். நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள்.

உடனே யார் பெயரைப் பொறிப்பது என்று தொடங்கிவிட்டது.

"அரே, இதுல என்ன யோசனை?" என்றார் தபன் தா. "நான் ரைட்ல ஏறுனா சத்தம் கப்பல் ஜெட்டி வரைக்கும் கேக்கும்."

"சத்தம் கேக்கும், கோல் விழாது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"யார் பேசுறது? நீ பாதி நேரம் ஆஃப்சைடுலயே குடியிருந்தவன்தானே?"

"ரேஷன் கார்டே அங்கதான்யா கொடுத்தாங்க அவனுக்கு!"

சிரிப்பு அடங்கவில்லை. மாலை போட்ட படம் மின்விசிறிக் காற்றில் ஆடியது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹால் வாட்ச்மேன் கதவருகே வந்து கடிகாரத்தைக் காட்டினார். பாலு கூட்டத்தை முடிக்க நினைத்து மைக்கைத் தட்டினார்.

"சண்டை வேணாம், பாத் கதம், பேச்சு முடிஞ்சுது. ஆஸ்பத்திரில நான் பார்க்கப் போனப்ப அண்ணனே என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. செல்வம்தான் நம்பர் ஒன்னு."

இது பொய். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் முழுக்க இன்னாசி மாமாவின் தொண்டையில் குழாய் இருந்தது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நானும் அப்பாவும் தினமும் போய்ப் பார்த்தோம். ஆகவே இது பொய் என்று அப்பாவுக்கும் தெரியும்.

அப்பா எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. என் அப்பாவை நான் இகழ்ந்த நேரம் அது ஒன்றுதான்.

"அண்ணன் மனசுல இவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாம போச்சு" என்றார். பிறகு ஹட் பே கதைக்குப் போனார். மழை வந்தது. சேறு வந்தது. மைக் கம்பிக்குப் பக்கத்தில் அவருடைய கை கோந்து பாட்டிலைப் போல ஒருவரைத் தாண்டியது, இன்னொருவரை ஏமாற்றியது.

நான் கேட்கவேண்டும் என்று நினைத்து எழவில்லை. எழுந்த பிறகுதான் நிற்கிறேன் என்று தெரிந்தது.

"அப்ப கோல்ல நின்னது யாரு?"

ஹாலில் சிலர் சிரித்தார்கள். இன்னாசி மாமாவைப் போலப் பேசிக் காட்டுகிறேன் என்று நினைத்திருக்கலாம். அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். மாலைக்குள் இருந்த படத்தைப் பார்த்தார். ஞாபகம் இல்லை என்று சொல்வதற்கு அவருக்கு எத்தனையோ ஆண்டுப் பழக்கம் இருந்தது.

"யாரும் இல்ல" என்றார்.

அப்பாவே தொடர்ந்தார்.

"கப்பல் ஹாரன் அடிச்சுருச்சு. காத்து மாறுது, சீக்கிரம் கிளம்பணும்னு. அந்த டீம்ல முக்கால்வாசிப் பேர் ஜெட்டில லோடு ஏத்துற பசங்க. கீப்பரும் அப்படித்தான். போட்டது போட்டபடி ஓடிட்டானுங்க. ரெஃப்ரியும் அதே கப்பல்ல வரணும், பையை எடுக்கப் போயிட்டாரு, விசில் அடிக்கல. நம்ம பசங்களும் பை கட்டப் போயிட்டாங்க. நான் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தேன். மூணு கோல். அந்தப் பக்கத்துல இருந்து இன்னாசி அண்ணன் மட்டும் கத்துனாரு. 'போதும்டே, வா, கப்பல் போயிரும்'னு." அப்பா மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "கப்பல்ல எல்லாரும் நாலு கோல்னு தூக்கி வச்சுக் கொண்டாடுனாங்க. அப்புறம் மாத்திச் சொல்ல வரல."

அவர் மேடையை விட்டு இறங்கினார். இந்த இடத்தில் சபை நெகிழ்ந்தது என்று எழுதவேண்டும் என்று உங்களில் சிலர் விரும்பலாம். சபை நெகிழவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்கூடப் போகவில்லை. தபன் தா எழுந்தார்.

"அப்போ மேட்டர் கிளியர். ரைட் விங்தான்."

மறுபடியும் தொடங்கிவிட்டது. பாலு, தான் சொன்ன ஆஸ்பத்திரிக் கதையை மறந்தவராக, இன்னொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பையில் யார் பெயர் வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. எந்தப் பெயர் வந்தாலும் அதைப் பார்த்து இன்னாசி மாமா கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து அது ஒன்றுதான். அதைப் பத்திரிகை படிக்கும்போது கேட்கிறேன். வரலாற்றுப் புத்தகம் படிக்கும்போது கேட்கிறேன். நான் எழுதியதை நானே படிக்கும்போதும் கேட்கிறேன்.

அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் நோட்டைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எழுதுவியா?"

"எழுதுவேன்ப்பா."

"மொத கோல் நிஜம்." அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அப்ப கீப்பர் நின்னான். ஓரத்துல இருந்து, இடது கால்ல. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். அது நல்ல கோல்தானா என்று யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். அப்பாவும் அதையே யோசித்திருக்கவேண்டும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மேடையை நிமிர்ந்து பார்த்தோம். அதைப் பார்த்துவிட்டுச் சொல்லக்கூடியவர் எங்கள் பக்கத்துக் கோலில் நின்ற இன்னாசி மாமா ஒருவர்தான். மூன்று பொய்க் கோல்களை அப்பா ஒருநாள் கணக்கிலிருந்து எடுத்திருந்தால், மிச்சமிருந்த அந்த முதல் கோலைப் பற்றி அவர் ஏதாவது சொல்லியிருப்பார். திட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் சொல்லியிருப்பார்.

"டைம் ஹோ கயா, சாப்" என்று நேரம் முடிந்ததைச் சொன்னார் வாட்ச்மேன். யாருக்கும் கேட்கவில்லை. தபன் தா நாற்காலிகளுக்கு நடுவே ரைட் விங்கில் ஓடிக் காட்டிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு சுவர்ப்பக்கம் போனார். முதலில் மேடை, பிறகு ஹால். விளக்குகள் அணைக்கப்பட்டன.