ஊரு சர்க்கரையும் என் சர்க்கரையும்

ரத்தம் எடுக்குற வேலையில ஒரு சௌகரியம் உண்டு: வேலை முடிஞ்சா யாரும் நம்மள இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போன்னு சொல்லமாட்டாங்க. ஊசியைப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க, எடுத்ததும் பஞ்சை அழுத்திக்கிட்டு உள்ள போயிடுவாங்க. கொரோனா வந்து அதையும் தலைகீழா மாத்திடுச்சு.

விருத்தாசலத்துல ஒரு லேப்புல பதினோரு வருசமா இருக்கேன். சர்க்கரைக்காரங்க வெளிய வரவேண்டாம்னு ஊரே பயந்து கெடந்த நேரம், ஸ்கூட்டியில நானே வூடு வூடாப் போயி எடுத்துக்கிட்டு வந்தேன். எனக்கும் சர்க்கரை இருக்குது, ஆறு வருசமா. கண்ட வூட்டுக்கும் போயிட்டு வர்றவ, எதையாவது ஒட்டிக்கிட்டு வந்துடுவேன்னு, என் வூட்டுக்காரரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு திட்டக்குடி பக்கம் மங்களூர்ல அவங்க அண்ணன் வூட்டுக்குப் போயிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லமாட்டேன், போகச் சொன்னதே நான்தான்.

ஆனா அவங்க போன நாள்லேருந்து நாலு மாசம், ஊருக்கே சர்க்கரை பாத்தேனே ஒழிய என் விரலை ஒருநாளும் குத்திக்கல. பயம்தான், வேற என்ன? ஏறியிருந்துச்சுன்னா அந்த நம்பரை வச்சிக்கிட்டு யாருமில்லாத வூட்ல நான் என்ன பண்ணுவேன்? சிரிக்காதீங்க. இதைப் படிக்கிற சர்க்கரைக்காரங்கள்ல பாதிப் பேரு இதையேதான் செஞ்சிருப்பீங்க.

ஜன்னல் வழியா ஒரு கை

ஜங்ஷன் பக்கம் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. மகன், மருமக எல்லாரும் அதே வூட்லதான். இருந்தாலும், சர்க்கரை உள்ளவங்களுக்கு நம்மளால நோய் வந்துடக்கூடாதுன்னு அவங்களை முன்ரூமுல தனியா வச்சிருந்தாங்க. சாப்பாடு வாசப்படிகிட்ட ஸ்டூல்மேல வரும், தட்டு ஸ்டூல்மேலயே திரும்பிப் போகும். எனக்கும் உள்ள அனுமதி கிடையாது. அவங்க ஜன்னல் கம்பிக்கு நடுவுல கையை நீட்டுவாங்க, நான் வெளிய நின்னுக்கிட்டு எடுப்பேன்.

ஒருநாள் நரம்பு நல்லா புடைச்சிக்கிட்டு இருந்துச்சு, ஒரே குத்துல எடுத்துட்டேன். முடிஞ்சுது டீச்சர்னு பெருமையா சொன்னா, கையை உள்ள இழுக்கவே இல்ல. பின்னாடி திரும்பி, யாரும் இல்லன்னு பாத்துக்கிட்டு, மெதுவா சொன்னாங்க: "இந்தக் கையில கெடைக்கலன்னு சொல்லிட்டு, அந்தக் கையிலயும் ஒருதரம் பாரேம்மா."

நாள் முழுக்க நியூஸ்

கடைவீதியில ஜவுளிக்கடை வச்சிருந்தவரு. கடை சாத்தியாச்சு. சம்சாரம் மக பிரசவத்துக்குப் பாண்டிச்சேரி போயி, வழியெல்லாம் அடைச்சதால அங்கயே மாட்டிக்கிட்டாங்க. இவரு தானே கோதுமை ரவை கிண்டிச் சாப்பிடுறாரு, மாத்திரை தவறாம போடுறாரு, மாடியில நடக்குறாரு. அப்படியும் சர்க்கரை இறங்க மாட்டேங்குது. எனக்கு ஒண்ணுமே புரியல.

நான் போன மூணு தடவையும் டிவி அலறிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கி எத்தனை சாவு, அதுல சர்க்கரைக்காரங்க எத்தனைன்னு அதுலதான் கண்ணு. தூக்கம் வருதான்னு கேட்டா, எங்க வருதும்மாங்குறாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. முதல்ல இந்தக் கருமத்தை நிறுத்துங்க, பாதி சர்க்கரை அதுலதான் ஏறுதுன்னு ரிமோட்டை எடுத்தேன். மனுசன் பதறிட்டாரு: "வேண்டாம்மா, அதையும் நிறுத்திட்டா இந்த வூட்ல பேச்சு சத்தமே இருக்காது."

திட்டு வாங்குற அக்கா

கருவேப்பிலங்குறிச்சியில ஒரு அக்கா. மகன் வெளிநாட்டுல. திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை நான் பாத்த நம்பரை அவனுக்கு அனுப்பணும். ரொம்ப நாளா நூத்தி இருவது, நூத்தி முப்பதுன்னு அழகா இருந்துச்சு. திடீர்னு எரநூத்தம்பது, அடுத்த வாரம் எரநூத்தி எம்பது. மாத்திரை மாறிப்போச்சோன்னு நான் பயந்துட்டேன்.

அடுப்பங்கரையில பாத்தா, வெல்லம் கொட்டி வச்ச டப்பா காலி. என்னக்கா கதைன்னு மிரட்டுனேன். முந்தின ராத்திரி ரெண்டு துண்டு, காலையில நான் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு துண்டு, வேணும்னே தின்னுருக்காங்க. கொஞ்ச நஞ்சம் திட்டல நான். கால் போயிடும், கண்ணு போயிடும்னு அடுக்கிக்கிட்டே போனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அந்த அக்கா சாவகாசமா சொன்னாங்க: "நம்பர் நல்லா இருந்தா ரெண்டு நிமிசத்துல போனை வச்சிடுறான். ஏறியிருந்தாத்தான் அரமணி நேரம் திட்டுறான்."

பீங்கான் கம்பெனி அண்ணன்

கலியபெருமாள்னு ஒரு அண்ணன், அம்பத்தஞ்சு வயசு இருக்கும். பீங்கான் கம்பெனியில, சூளையிலேருந்து வர்ற சாமானை ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து, விரிசல் உள்ளதை ஒதுக்கி வைக்கிற வேலை. கம்பெனி மூடிக் கெடந்துச்சு. ஒத்தை ரூமுல ஒண்டியாளு. கால்ல புண்ணு, அதனால வாரத்துல ரெண்டுநாள் மிஷின் எடுத்துக்கிட்டுப் போயி விரல்ல குத்திப் பாப்பேன்.

அன்னிக்குப் போனதும் குடிக்கத் தண்ணி கேட்டேன். ஒரு செம்பு குடிச்சேன், பத்தல, இன்னொன்னு வாங்கிக் குடிச்சேன். அப்புறம் பாத்ரூம் எங்கன்னு கேட்டுப் போயிட்டு வந்தேன். வந்து, விரலைக் காட்டுங்கண்ணேன்னா, கையை மடக்கி மடியில வச்சிக்கிட்டாரு. முதல்ல உங்களுக்குப் பாருங்கம்மான்னாரு. நேத்துதான் பாத்தேன், நூத்தி முப்பதுன்னேன். "நானும் என் தம்பிகிட்ட போன்ல அப்படித்தான் சொல்றேன்"னு சொல்லிட்டு, மிஷினை என் பக்கமே நகத்தி வச்சாரு.

எத்தனையோ பேரு விரலைக் குத்தியிருக்கேன், நாலு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் என் விரலைக் குத்துனேன். நம்பரைப் பாக்க மாட்டாம கண்ணை மூடிக்கிட்டேன். அவருதான் பாத்துச் சொன்னாரு: முன்னூத்தி எம்பத்தாறு. மூஞ்சியில மாட்டுன கவசத்துக்குள்ள கண்ணீர் வழியுது, துடைக்கவும் வழியில்ல. அவரு திட்டல, என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் கேட்டாரு. எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஒருத்திக்காக எதுக்கு உலை வைக்கிறதுன்னு டீயும் பன்னுமா ஓட்டுனது, சாப்பிடலயேன்னு மாத்திரையையும் விட்டது, வூட்டுக்காரரு கேட்டப்பல்லாம் நல்லா இருக்கேன்னு பொய் சொன்னது, எல்லாத்தையும்.

அவரு முன்னாடியே வூட்டுக்காரருக்குப் போன் போட்டு நம்பரைச் சொன்னேன். மாத்திரை கையில இருக்குதா, டாக்டரை இன்னிக்கே பாத்துடுறியா, நான் கெளம்பி வரட்டுமான்னு கேட்டாரு. நாலு மாசத்துல மொத தடவையா, வாங்கன்னு சொன்னேன். கலியபெருமாள் அண்ணனுக்கு ஒரு வழியா குத்திப் பாத்துட்டுப் பையைத் தூக்குனேன். வாசல் வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்தவரு சொன்னாரு: "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்கம்மா. எனக்கு இல்ல, உங்களுக்கு."

மறுநாளும் போனேன், அதுக்கு மறுநாளும் போனேன். வாரத்துக்கு ரெண்டுநாள் பாக்க வேண்டிய ஆளுக்கு எதுக்கு தினமும் போறேன்னு லேப்புல கேட்டா, பேஷண்டு சொன்ன பேச்சைக் கேக்குறதே இல்லன்னு சொல்லிவச்சிருக்கேன்.