மஞ்சள் துணி விழுந்த திங்கட்கிழமை

எனக்குத் தெரியாத ஒரு விளையாட்டின் விதிகளைப் பதினைந்து பேருக்கு நான்கு மணி நேரம் விளக்கிச் சொன்னவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் தெரியவந்தால் நான் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டீர்கள். அதிலும் ஒரு விதியைத் தலைகீழாகச் சொல்லி, ஒன்பது வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பியை இன்னும் ஒன்பது வருஷம் பேசவிடாமல் செய்யப் பார்த்தேன்.

போன வாரம் காராஜில் பெட்டிகளை ஒதுங்கவைக்கும்போது பழைய பர்ஸ் ஒன்று கிடைத்தது. அதற்குள் ஒரு டெலிபோன் கார்டு. என் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் ரயிலுக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வெளிநாட்டுக்குப் பேச ஒரு காலத்தில் அட்டை வாங்கினோம், பின்பக்கத்து வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டினோம், உள்ளே இருக்கும் பன்னிரண்டு இலக்கங்களை அழுத்தினோம், பிறகு ஒரு பெண்குரல் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று சொல்லும், அது ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை என்றெல்லாம் சொன்னேன். அவள் பாதியிலேயே போய்விட்டாள். நான் கார்டை மோந்து பார்த்தேன். சுரண்டிய தூளுக்கு ஒரு வாசனை உண்டு, பழைய கரண்டியை நக்கிய மாதிரி. காராஜுக்குள் அட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கும் நடுவயது ஆளை என் மனைவி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

அந்த வாசனையோடு எப்போதும் இன்னும் மூன்று வாசனைகள் சேர்ந்து வரும். கருவாடு, கற்பூரம், ஈரச் சாக்கில் சுற்றிய கறிவேப்பிலை. எங்கள் நகரத்துப் புறநகரான ஸ்பிரிங்வேலில் இருந்த யோகண்ணையின் கடை அது. மாணவனாக வந்து, படித்து முடித்து, முதல் வேலை கிடைத்த வருஷங்களில் அந்தக் கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் குடியிருந்தேன். யோகண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். வாசற்படியை அடைக்கிற உருவம், அதற்குள் குழந்தைக்கு இருப்பதுபோல ஒரு ரோஷம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கம்பியில் டெலிபோன் கார்டுகள் பூச்சரம் மாதிரி தொங்கும்.

"ஒவ்வொரு கிழமையும் ஒரு கார்ட் குறையுது தம்பி," என்பார், என்னையே பார்த்துக்கொண்டு. கிழமை என்று அவர் சொல்வது வாரத்தை.

"நான் இல்லண்ணே."

"நான் உம்மைச் சொன்னனானோ?"

எனக்கு அப்போது போன் செய்து பேச ஆளே இல்லை என்பதுதான் என் பக்கத்து நியாயம். திருடன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, அதை வெளியே சொல்லக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

யோகண்ணை தலையில் எப்போதும் ஓர் ஆரஞ்சுத் தொப்பி இருக்கும். வெளுத்து வெளுத்துக் காவியாகியிருந்தது. கடைக்குத் தினமும் வந்து எதுவும் வாங்காமல் போகும் மலேசியத் தமிழர் மோசஸ் அங்கிள், "என்ன யோகன், ஆசிரமம் எப்பத் திறக்கிறே?" என்பார். தொப்பி ஆசிரமத்தது அல்ல. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றினுடையது. அங்கே இருந்த தம்பி ரவி, தன் ஊர் அணியின் தொப்பியைப் பார்சலில் அனுப்பியிருந்தான். அந்தக் காலத்தில் வாரம் தவறாமல் போன் செய்து, அந்த அணி எப்படியெல்லாம் தோற்றது என்று அண்ணனுக்குச் சொல்வானாம். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள அதைவிட வேறு விஷயம் வேண்டியிருக்கவில்லை.

பிறகு ரவிக்குக் கல்யாணம். தங்க எழுத்துப் போட்ட அழைப்பிதழ் தபாலில் வந்தது. போன் வரவில்லை. சொந்த அண்ணனை வாய்திறந்து அழைக்காமல் வெறும் கார்டை அனுப்பியது யோகண்ணைக்கு விழுந்த அடி. கார்டு கிடைத்தும் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது ரவிக்கு விழுந்த அடி. அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம்.

"அவன் போன் எடுக்கட்டும். நான் ஏன் எடுக்கோணும்?"

ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் அந்த அணியின் ஸ்கோரைத் தேடிப் படிப்பார். தோற்றிருந்தால் அன்றைக்குக் கத்தரிக்காய் கேட்டு வருபவர்களிடம் சிடுசிடுப்பார். மாட்ச் ஒன்றையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை. விதிகள் தெரியாது. தம்பி சந்தோஷமாக இருப்பானா இருக்கமாட்டானா என்பது மட்டும் தெரியவேண்டும்.

ஒரு வருஷம் அந்த அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. யோகண்ணை இரண்டு நாள் யோசித்தார். பிறகு கல்லாவில் கையூன்றி எங்களிடம் அறிவித்தார்.

"அவங்கள் வெண்டால் நான் போன் எடுப்பன். வாழ்த்துச் சொல்லுறது வேற, இறங்கிப் போறது வேற. என்ன, விளங்குதோ?"

"தோத்தா?" என்றார் மோசஸ் அங்கிள்.

"தோத்தவனுக்கு எடுத்தால் நக்கலடிக்கிற மாதிரி எல்லோ இருக்கும்."

அப்போது ஒரு கூடைப் பச்சை மிளகாயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார் அவர் மனைவி மாலா அக்கா. தலையை நிமிர்த்தவில்லை.

அமெரிக்காவின் ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களுக்குத் திங்கட்கிழமை காலை. நான் அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று செய்தி அனுப்பினேன். ஒருநாளும் மூடாத கடையை யோகண்ணை மூடினார். குசினியை ஒட்டிய அறையில் அரிசி மூட்டைகளின் மேல் தொலைக்காட்சி. பதினைந்து பேர், எட்டுக் கதிரைகள். நான் வேலை பார்த்தது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கிளையில் என்பதால், "தம்பிக்கு எல்லாம் தெரியும், கேளுங்கோ," என்று யோகண்ணை என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார். அமெரிக்காவை நான் மின்னஞ்சலில் மட்டுமே அறிவேன். ஆனால் பதினைந்து பேர் நம்பிக்கையோடு பார்க்கும்போது தெரியாது என்று சொல்ல ஒரு பெருந்தன்மை வேண்டும். அது என்னிடம் இருந்ததில்லை.

விளக்கினேன். ஏன் குனிகிறார்கள், ஏன் மோதுகிறார்கள், ஏன் உடனே நிறுத்திவிட்டு வட்டமாகக் கூடுகிறார்கள். மோசஸ் அங்கிள் குறுக்கிட்டார். "என்ன விளையாட்டு லா இது, அஞ்சு செகண்ட் ஓடுறான், அஞ்சு நிமிஷம் மீட்டிங் போடுறான். நம்ம கோயில் கமிட்டி மாதிரி." ஒரு நடுவர் மஞ்சள் துணி ஒன்றை வீசினார். அது என்ன என்றார்கள். "அது விழுந்தா அதுக்கு முன்னாடி நடந்தது எல்லாம் செல்லாது," என்றேன், பிறந்ததிலிருந்து தெரிந்தவன்போல.

எங்கள் ஆரஞ்சுக்காரர்களுக்கு எதிரே கறுப்புச் சட்டை அணி. முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். எப்போது சிரிப்பு நின்றது என்று தெரியவில்லை. பாதி ஆட்டம் தாண்டியபோது மாலா அக்கா பொரித்த மூன்றாவது தட்டு ரோல்ஸ் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய உடம்புகள் இவ்வளவு வேகமாக ஓடமுடியும் என்பதே ஓர் ஆச்சரியம். அந்த நீள்வட்டப் பந்து, யாரோ அவ்வளவு அழகாகத் திருகி எறிய, பம்பரம்போல் சுழன்றுகொண்டே போய், ஓடிக்கொண்டிருப்பவன் பின்னால் திரும்பாமலே நீட்டிய கையில் இறங்குவது இன்னொன்று. கையை நீட்டியபோது அங்கே பந்து இருக்கவில்லை. இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. விதி ஒன்றும் தெரியாத எங்களுக்கு அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கடைசி நிமிஷம். நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். யோகண்ணை தொப்பியைக் கையில் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் விநாடிகள் மட்டும் மிச்சம். எறிபவனைச் சுற்றிக் கறுப்புச் சட்டைகள் நெருக்கின. அவன் விழுந்துகொண்டே எறிந்தான். பந்து மேலே போனது.

அதை எப்படிச் சொல்வது? பந்து மேலே இருந்த நேரத்தில் அந்த அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. குளிர்பெட்டியின் உறுமல்கூட நின்றுவிட்டதாகத்தான் என் ஞாபகம். அறையில் பாதிப்பேர் போரிலிருந்து தப்பி வந்தவர்கள், மீதிப்பேர் விசாவுக்காக வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள். இவர்களை எதுவும் வாய்பிளக்க வைக்காது என்று நினைத்திருந்தேன். பதினைந்து வாய்களும் திறந்திருந்தன. மூன்று பேர் துள்ளினார்கள். நடுவில் ஓர் ஆரஞ்சுக் கை மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரற்கடை உயர்ந்தது. பந்து அந்த விரல்நுனியில் ஒட்டியது. பிடித்தவன் எல்லைக்கோட்டுக்கு உள்ளே விழுந்தான்.

அறை வெடித்தது. மோசஸ் அங்கிள் என்னைக் கட்டிப்பிடித்தார். அப்போதுதான் திரையின் ஓரத்தில், புல்லின் மேல் அந்த மஞ்சள் துணி கிடந்தது தெரிந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"செல்லாதுண்ணே," என்றேன்.

யோகண்ணை எழுந்தார், தொப்பியை அரிசி மூட்டைமேல் வைத்தார், கடையைத் திறக்கப் போய்விட்டார். ஷட்டர் பாதி உயரும் சத்தம் கேட்டது. கூச்சலிலும் அழுகையிலும் வர்ணனையாளர் சொன்னது எங்களில் ஒருவருக்கும் காதில் ஏறவில்லை. குசினி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற மாலா அக்காதான் திரையின் கீழ்மூலையைக் காட்டினார்.

"அங்க பாருங்கோ, நம்பர் மாறிட்டுது."

மாறித்தான் இருந்தது. தப்புச் செய்தது கறுப்பு அணி, ஆகவே புள்ளி செல்லும். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போதைக்கு, திரையில் வண்ணக் காகிதங்கள் மழையாகக் கொட்ட, அரைக்கம்பத்தில் நின்ற ஷட்டருக்குக் கீழே குனிந்து யோகண்ணையை உள்ளே இழுத்து வந்தோம்.

அவர் போன் முன்னால் நின்றார். மாலா அக்கா ஒரு கார்டை என் கையில் தந்தார். அது ஏற்கெனவே சுரண்டியிருந்தது. இருந்த பரபரப்பில் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நான் இலக்கங்களை வாசிக்க, அவர் அழுத்தினார். பிறகு தம்பியின் எண். அதற்கு அவர் டயரி எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் அழுத்தாத எண்ணை அந்தத் தடித்த விரல் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் அழுத்தியது. பந்து பிடித்த அந்தக் கையைவிட இந்த விரலைத்தான் நான் பிரமித்துப் பார்த்தேன். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டோம். முதல் மணியிலேயே எடுத்தாகிவிட்டது.

"ரவி. நான்."

"தெரியும் அண்ணை."

"வாழ்த்துக்கள். உங்கட ஆக்கள் வெண்டிட்டாங்கள்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் அணைந்தது.

"ஒம்பது வருசத்துக்குப் பிறகு எடுத்து நக்கலோ, அண்ணை? நாங்கள் அந்த ஊரை விட்டு வந்து ஆறு வருசம். இப்ப நாங்கள் மற்ற ஊர். கறுப்புச் சட்டை. தோத்துப்போனம். என்ர மகன் கட்டிலுக்குக் கீழ போயிருந்து அழுறான்."

அமெரிக்காவில் ஆள் ஊர் மாறினாலும் கைப்பேசி எண் மாறுவதில்லை. அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முடிந்தது என்றே நினைத்தேன்.

"மகனோ?" என்றார் யோகண்ணை. "எத்தினை வயசு?"

"ஏழு."

"பேர் என்ன?"

"ஆரூரன்."

அவர் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அரிசி மூட்டையிலிருந்த தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். "கட்டிலுக்குக் கீழ போனைக் குடு. பெரியப்பா தொப்பியைக் கழட்டிட்டார் எண்டு சொல்லு."

நாங்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் வெளியே வந்தோம். கார்டு என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே ஜவ்வரிசி உருண்டை போட்ட தேநீர் விற்கிறார்கள். மோசஸ் அங்கிள் மலேசியாவில் தன் ஊரான ஈப்போவுக்கே திரும்பிவிட்டார். கார்டு தொங்கிய கம்பி எந்தக் குப்பையில் இருக்கிறதோ. யாருடன் வேண்டுமானாலும் முகம் பார்த்தே பேசலாம், நிமிஷம் எண்ணவேண்டியதில்லை. ஆகவே பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். இப்போதும் பிப்ரவரியில் அந்தத் திங்கட்கிழமை வருகிறது. அவரவர் கைப்பேசியில் அவரவர் பார்க்கிறார்கள், மஞ்சள் துணிக்கு என்ன அர்த்தம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. தப்பாகச் சொல்ல என்னைப்போல ஓர் ஆள் தேவையில்லை. பதினைந்து பேர் ஒன்றாக மூச்சை அடக்குகிற அந்த அறையை மட்டும் அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.

ஞாயிறன்று த பேசின் என்ற புறநகரின் பிள்ளையார் கோயிலில் மாலா அக்காவைப் பார்த்தேன். வாகனத் தரிப்பிடத்தின் ஓரம் ஒரு கதிரையில் யோகண்ணை உட்கார்ந்து ரவியோடு போனில் உரக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பர்ஸிலிருந்த கார்டைக் காட்டி, அந்த நாளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். பூமியின் ஒரு மூலையில் ஒருவன் விழுந்துகொண்டே எறிந்த பந்து, இன்னொரு மூலையில் இரண்டு சகோதரர்களைச் சேர்த்துவைத்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது என்றேன். முதல் மணியிலேயே ரவி எடுத்ததைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்திருக்கலாம்.

மாலா அக்கா கார்டை வாங்கிச் சுரண்டிய இடத்தை விரலால் தடவினார்.

"முதல் நாளே ரவியின்ர பெண்சாதிக்குச் சொல்லிப்போட்டன், நாளைக்கு ஆரஞ்சுக்காரர் வெண்டால் இவர் போன் எடுப்பார், போனைப் பக்கத்தில வச்சிருக்கச் சொல்லு எண்டு. நாங்கள் ரெண்டு பேரும் ஒம்பது வருசமும் கிழமைக்கொருக்கால் கதைச்சனாங்கள்."

"அப்போ ரவி ஊர் மாறினது, அணி மாறினது...?"

"எல்லாம் தெரியும். சொல்லியிருந்தால் இந்த மனுசன் வாழ்த்தப் போன் எடுத்திருப்பாரோ?" கார்டைத் திருப்பி என் கையில் வைத்தார். "நீர் பந்து பறந்தது எண்டே எழுதும், தம்பி. கார்ட் எடுத்தது ஆர் எண்டு மட்டும் உங்கட அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும். அவர் இண்டைக்கும் நீர்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."