நாய்க்கு அவர்கள் வைத்த பெயர்

இத்தாலியில், பொலிதேயாமா என்ற பகுதியில், நாங்கள் சின்யோரா என்று கூப்பிடும் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். சின்யோராவைப் பராமரிப்பவள் போலந்துக்காரி. அவளுடைய ஊர் ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில், ஏரிக்கும் பைன் காட்டுக்கும் நடுவே ஒற்றைத் தெருவாகக் கிடக்கும் சின்னக் கிராமம். மணல் நிலம், உருளைக்கிழங்கு நன்றாக விளையுமாம். இரண்டாம் உலகப்போர் முடியும்வரை அங்கே ஜெர்மன்காரர்தான் இருந்தார்கள். பிறகு அவர்களை மேற்கே அனுப்பிவிட்டு, கிழக்கே நிலம் இழந்த போலந்துக்காரரை அந்த வீடுகளில் குடியேற்றினார்கள். அவளுடைய தாய் சிறுமியாக வந்தது அப்படித்தான்.

போன கோடையில் ஒருநாள் நாங்கள் இருவரும் வேலையில் இருக்கும்போது அவளுடைய தாய் வீடியோவில் அழைத்தார். வீட்டு வாசலில் ஜெர்மன் கார் ஒன்று நிற்கிறது, ஒரு கிழவியும் மகனும் வந்திருக்கிறார்கள், பேசுவது விளங்கவில்லை என்றார். இவள் முன்பு ஜெர்மனியில் வேலை செய்தவள். குசினி மேசையில் ஃபோனை நிமிர்த்தி வைத்து மொழிபெயர்த்தாள். எனக்கும் இடையிடையே இத்தாலியனில் சொன்னாள். கிழவி பிறந்தது அந்த வீட்டில்.

"வீட்டைத் திருப்பிக் கேக்க வந்தவையோ எண்டு அம்மா கேக்கிறா."

"அவ என்ன சொல்லுறா?"

"இல்லையாம். ஒருக்கா உள்ளை பாத்திட்டுப் போறாவாம்."

தாய் வாசலை விட்டு நகரவில்லை. பிறகு, "நாங்கள் வரேக்கை முற்றத்திலை ஒரு கறுத்த நாய் நிண்டது. அது உங்கடையோ?" என்று கேட்டார்.

கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். மெல்ல ஒரு பெயரைச் சொன்னாள். தாய் அதைச் சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை.

"நாங்கள் கூப்பிட்ட பேருக்கு அது கனகாலம் திரும்பியே பாக்கேல்லை. செவிடாக்கும் எண்டு நினைச்சம்."

அதை மொழிபெயர்த்ததும் இரண்டு கிழவிகளும் சிரித்தார்கள். தாய் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஃபோனை மறந்து வெளியில் எங்கோ வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் எங்களுக்கு வானம் மட்டும் தெரிந்தது.

வேலை முடிந்து கபோ சந்தையால் நடந்து போகும்போது அண்ணனை அழைத்தேன். கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் போருக்குப் பிறகு வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்களை எழுப்ப வழக்குப் போடவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஓம் என்றிருந்தேன்.

"அண்ணை, வழக்குக்கு முதல் ஒருக்கா நேரை போய்க் கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எங்கையிருந்து வந்தவை எண்டாவது கேளுங்கோ."

போயிருக்கிறார். தேத்தண்ணீர் கொடுத்தார்களாம். கடற்கரைப் பக்கத்துச் சனம். அவர்களுடைய காணி இன்னும் ஆமியிடம். வழக்குப் போடவில்லை, வீடும் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு என்னில் கொஞ்சம் கோபம்.