தேக்குப் பலகை மேலே ஒரு பூசணிக்காய்

கிட்ட வந்து உட்காருங்க, இது கத்திச் சொல்ற கதையில்லை. பணக்காரர் சொகுசுப் படகில் சம்பளத்துக்கு வேலை என்றால் பாதி நேரம் கடல், பாதி நேரம் துடைக்கிற துணி. அடுத்தவன் பொருளைத் துடைத்தே தேய்ந்த உங்களுக்குச் சொன்னால் புரியும்.

கறை

நானும் மேரியும் பெங்களூரு அடுகோடியில் ஒரே சந்து. கடலே இல்லாத ஊரிலிருந்து கோவா போய்ப் படகேறினோம். எனக்கு மேல்தளம், அவளுக்குச் சமையல். முதலாளி மல்லேஸ்வரத்துக்காரர். மேல்தளம் முழுக்கப் பாலிஷ் போடாத தேக்கு. ஒரு சொட்டு காபி விழுந்தாலும் குடித்துவிடும். மேரியின் மகள் நர்சிங் படிக்கிறாள். எனக்கோ இந்த வயசில் வேறு யார் வேலை தருவார்கள்? ஏறின அன்றைக்கே தூத்துக்குடிக்கார கேப்டன் தலையில் இடியைப் போட்டார்: "பலகையில கறைய பாத்தேன், ரெண்டு பேரும் அன்னைக்கே பெங்களூரு பஸ்ஸ புடிச்சிரணும்."

செருப்புக் கூடை

படகில் யாரானாலும் வெறுங்காலோடுதான் ஏறணும். கழற்றின செருப்பைப் போட ஏணிப் பக்கம் கூடை இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்த விருந்தாளி ஒருத்தர், சொன்னதுமே பயபக்தியாகக் கழற்றினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் காலும் கழுவினார். தங்கமான மனுஷன் என்று நினைத்தேன். மேலே வந்து கைகூப்பி நின்று கேட்டார்: "சாமி எந்தப் பக்கம்ப்பா இருக்கு?"

ஆயுத பூஜை

நம்ம ஊரில் அன்றைக்கு ஆட்டோ, லாரி எதுவும் பூசணிக்காய்க்குத் தப்பாது, தெரியும்தானே? படகும் தப்பவில்லை. முதலாளியே பூசணிக்காயோடு வந்துவிட்டார். துளை போட்டு, உள்ளே குங்குமம் ரொப்பி வைத்திருந்தார். தேக்கின் நடுவில் நின்று சுற்றிவிட்டு, தலைக்கு மேல் தூக்கியேவிட்டார்! அங்கேயே போட்டு உடைத்தால் பலகை முழுக்கச் சிவப்பு. கேப்டன் முகம் சுண்ணாம்பு. முதலாளி கையை யார் பிடிப்பது?

மேரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "சார், சார்! ஆட்டோவுக்கு சீட்டு மேலயா உடைப்பாங்க? வண்டி முன்னாடி, ரோட்டுலதானே?"

"இங்க ரோடு எங்கம்மா இருக்கு?"

"தண்ணிதான் சார் ரோடு. குடுங்க இப்படி."

பூசணிக்காயை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் கட்டியிருந்த சின்னப் படகில் இறங்கினாள். முன்பக்கம் தொங்கின நங்கூரத்தில் ஓங்கி ஒரே போடு! குங்குமமெல்லாம் கடலோடு போச்சு. பலகையில் ஒரு பொட்டு இல்லை. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். போன உயிர் திரும்பிய கேப்டன் என் பக்கம் திரும்பினார்: "என்னண்ணே பாக்கீங்க? நங்கூரத்த தொடைங்க."

சக்கரமில்லாத வண்டிக்கு எதன் அடியில் வைப்பது என்று முதலாளி எலுமிச்சம்பழங்களோடு முழித்து நிற்க, மேரி அதையும் வாங்கிப் பிழிந்து ஆளுக்கொரு டம்ளர் ஜூஸ் கொடுத்தாள் பாருங்க, அந்தப் படகில் துடைக்க வேலை வைக்காத பிரசாதம் அது ஒன்றுதான்.