டெபாசிட் கார்டும் மச்சானின் பெயரும்

என் அக்கா முபீனாவின் வீட்டுக்காரர் உமர் பாரூக்கைப் போல நாணயமான ஆளைக் காஜிமார் தெருவில் வலை வீசித் தேடினாலும் கிடைக்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன். அந்த நாணயத்தால்தான் பேங்க் கம்ப்யூட்டரில் அவர் பெயர் கெட்டது.

பழங்காநத்தத்தில் மச்சானுக்குக் கேஸ் அடுப்பும் குக்கரும் ரிப்பேர் பார்க்கும் கடை. திருநகரிலிருந்துகூட அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2003-இல் டை கட்டிய ஒருவன் கடை வாசலில் வந்து நின்று, ஃப்ரீ என்று சொல்லி ஒரு கிரெடிட் கார்டை அவர் தலையில் கட்டினான். மச்சான் அதில் பதினாலாயிரம் ரூபாய்க்கு ஒரு பாலிஷ் மெஷின் வாங்கினார். அந்த நேரம் பார்த்து அவருடைய உம்மாவுக்கு ஆபரேஷன். மூன்று மாதம் பில் கட்ட முடியவில்லை. அப்புறம் பதினாலாயிரத்தையும் மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டினார். அதற்கு மேல் ஏறியிருந்த மூவாயிரத்துச் சொச்சம் வட்டியை மட்டும் கட்ட மாட்டேன் என்றுவிட்டார்.

"வாங்குனதக் குடுத்தாச்சு. வட்டி வாங்குறதும் ஹராம், குடுக்குறதும் ஹராம். இன்னும் என்ன மாப்ள வேணும் அவங்களுக்கு?" என்றார்.

"லேட்டானா வட்டின்னு கையெழுத்துப் போட்டுத்தான மச்சான் கார்டு வாங்குனீங்க?"

"லேட்டாகும்னு நெனச்சா போட்டேன்?"

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? பேங்க்கிலிருந்து கொஞ்ச நாள் போன் செய்து மிரட்டினார்கள். பிறகு போன் நின்றுபோனது. தன் நியாயம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று மச்சான் நம்பினார். நானும் அந்த விஷயத்தை மறந்துவிட்டேன்.

2008-இல் ஒரு அடுப்புக் கம்பெனி பழங்காநத்தம் பக்கத்துக்கு டீலர் தேடியது. ரிப்பேர் கடைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? கம்பெனியே சரக்கை இறக்கும். ஒரு மாதம் கழித்துப் பணம் கட்டினால் போதும், வட்டி கிடையாது. மச்சானுக்கென்றே செய்து வைத்தது மாதிரி இருந்தது. வாசலில் தன் பெயரில் போர்டு வைக்கப் போவதாக அக்காவிடம் சொல்லி, பெயின்டரிடம் விலைகூடக் கேட்டுவிட்டார். கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் பணம் கட்டத் தவறினால் நாங்கள் கட்டுகிறோம் என்று ஒரு பேங்க் அவருக்காக ஜாமீன் நிற்க வேண்டும்.

நான் கணக்கு வைத்திருந்த பேங்க்குக்கு அவரைக் கூட்டிப்போனேன். மேனேஜர் ஸ்ரீலட்சுமி மேடம் சௌராஷ்டிராக்காரர், நல்ல மாதிரி. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பாய், பழைய கார்டு ஒண்ணுல பாக்கி நிக்குது. வராக்கடன்னு எழுதிட்டாங்க. எல்லா பேங்க்லயும் இது தெரியும். இப்படி இருந்தா நாங்க ஜாமீன் நிக்க முடியாது."

மச்சானுக்கு முகம் செத்துப்போனது. தெருவில் யாரிடமும் கைமாற்றுக்கூடக் கேட்காதவரைப் பணம் கட்டாத ஆள் என்று ஒரு பெட்டி சொல்கிறது.

மேடம் வழியும் சொன்னார். "முதல்ல பழைய பாக்கிய முடிங்க. அப்புறம் ஏதாவது ஒரு பேங்க்ல டெபாசிட் போட்டு, அது மேல ஒரு கார்டு வாங்குங்க. உங்க பணமே பிடிமானமா இருக்கறதால, பழசப் பாக்காம குடுப்பாங்க. மாசா மாசம் செலவு பண்ணி ஒழுங்காக் கட்டுங்க. ஒரு வருசத்துல பேர் தெளிஞ்சிடும்." கம்பெனி ஆள் முத்திருளனும் மச்சானின் கைராசியை நம்பி, ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கிறேன் என்றார்.

பழைய பாக்கியை முடிக்க வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. அபராதம் என்று நினைத்துக் கட்டுங்கள் என்று அக்காவும் நானும் மாறி மாறி மன்றாடி ஒருவழியாகக் கட்ட வைத்தோம். அடுத்தது கார்டு. அதற்காக நாங்கள் ஏறி இறங்கிய படிகளை நினைத்தால் இன்றைக்கும் கால் வலிக்கிறது.

முதல் பேங்க்கில் இருபதாயிரம் டெபாசிட் கேட்டார்கள். கார்டுக்கு வருடக் கட்டணம் ஐந்நூறு. இரண்டாவதில் கட்டணம் கிடையாது, ஆனால் ஐம்பதாயிரம் போட வேண்டும். முதலாவதே போதும் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். மறுபடியும் அங்கே போனபோது, கவுண்டரில் இருந்த பையனிடம் மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இந்த டெபாசிட்டுக்கு வட்டி போடுவீங்களா?"

வட்டி குறைச்சல் என்று பேரம் பேசுகிறார் என அந்தப் பையன் நினைத்துக்கொண்டான். "எட்டரை பர்சென்ட் சார். அதுக்கு மேல யாரும் தரமாட்டாங்க."

"வட்டி வேணாம்ப்பா. வட்டி இல்லாம டெபாசிட்ட வச்சுக்க முடியுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வட்டி இல்லாமல் டெபாசிட் போடக் கம்ப்யூட்டரில் வழியே இல்லை என்று அவன் கடைசிவரை சாதித்தான். வட்டி வாங்குவதில்லை என்று மச்சானும் கடைசிவரை சாதித்தார்.

வெளியே வந்ததும் நான் கத்திவிட்டேன். "வர்ற வட்டிய நமக்குன்னு வச்சுக்காம, நெல்பேட்டையில பொதுக் கக்கூஸ் கட்டக் குடுங்க மச்சான். நம்ம ஆளுக எம்புட்டுப் பேரு அப்படித்தான செய்றாங்க?"

"தெரியாம கணக்குல வந்து விழுந்த வட்டிக்குத்தான் மாப்ள அது. தெரிஞ்சே போய் வாங்கிட்டு, அப்புறம் கக்கூஸ் கட்டுனா சரியாப்போகுமா?"

மூன்றாவதாக மச்சானே ஒரு சின்ன பேங்க்கைக் கண்டுபிடித்தார். டெபாசிட் வேண்டாம், கரண்ட் அக்கவுண்டிலேயே இருபதாயிரத்தை எடுக்க முடியாதபடி முடக்கி வைத்து அதன் மேல் கார்டு தருகிறோம் என்றார்கள். கரண்ட் அக்கவுண்டுக்கு வட்டியே கிடையாது. மச்சான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. வேறு எதையும் கேட்காமல் அங்கேயே கார்டு வாங்கினார். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அது எனக்கும் தோன்றவில்லை.

அந்த ஒரு வருடமும் அவர் கார்டைக் கண்ணாடிச் சாமான் போலப் பார்த்துக்கொண்டார். பர்னர், வாஷர், ரப்பர் டியூப் எல்லாம் அதில்தான் வாங்கினார். பில் வந்த அன்றைக்கே கடையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போய்க் கட்டிவிடுவார். ஒரு ரூபாய் வட்டி ஏறவில்லை.

வருடம் முடிந்ததும் மேடத்திடம் போனோம். அவர் கம்ப்யூட்டரில் தேடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினார்.

"பாய், நீங்க கார்டு வச்சிருக்கறதே இதுல காட்டலையே. எந்த பேங்க் அது?"

பெயரைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சின்ன பேங்க், எல்லா பேங்க்கும் பார்க்கிற பொதுப் பதிவுக்குத் தன் வாடிக்கையாளர்களின் விவரத்தை அனுப்புவதே இல்லையாம். மச்சான் ஒரு வருடம் ஓடி ஓடிக் கட்டியது அந்த பேங்க்கின் நான்கு சுவருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. பழைய கார்டின் பதிவு மட்டும் அப்படியே நின்றது, ரொம்பத் தாமதமாக முடிக்கப்பட்டது என்ற குறிப்போடு.

மச்சான் கார்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தார். அதைப் பிடுங்கி ஒடித்து எறிய வேண்டும் போல எனக்கு இருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "ஜாமீன் உங்க பேர்ல வேணா தரலாம் பரீத். உங்க ரெக்கார்டு ரொம்ப நல்லா இருக்கு."

என் ரெக்கார்டு எனக்குத் தெரியாதா? பைக் லோன், டிவி லோன், இரண்டு கார்டு. கார்டில் மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு, மீதிக்கு வட்டி அழுகிற ஆள் நான். கடன் இல்லாமல் நான் தூங்கிய ராத்திரி கிடையாது. என்னை பேங்க்குக்குப் பிடிக்கிறது, அவரைப் பிடிக்கவில்லை. சிரிப்பதா, நாற்காலியைத் தூக்கிப் போடுவதா என்று தெரியவில்லை.

முத்திருளனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. விட்டால் திருநகரில் ஒருவர் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆகவே டீலர்ஷிப் என் பெயருக்கு வந்தது. கடை அவருடையது, வேலை அவருடையது, வருகிற ஜனமும் அவருக்காக வருகிற ஜனம். போர்டில் மட்டும் 'பரீத் ஏஜென்சீஸ்'. அதை மாட்டிய அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் மச்சான்தான்.

அந்த வாரமே அவர் முதல் பேங்க்குக்குத் தனியாகப் போய், எட்டரை பர்சென்ட் வட்டிக்கே இருபதாயிரத்தைப் போட்டு வேறொரு கார்டு வாங்கினார். விவரம் அனுப்புவீர்களா என்று அந்தப் பையனிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டாராம். வட்டி வரவு வைக்கப்பட்டதும் நெல்பேட்டைக் கக்கூஸுக்குப் போய்விடும். அதைக் கொடுத்துவிட்டு வருகிற நாளில் அவர் யாரிடமும் சரியாகப் பேசமாட்டார் என்று அக்கா சொல்வாள்.

போன மாதம் நான் கடையில் இருந்தபோது புதிதாக அடுப்பு வாங்க ஒருவர் வந்தார். போர்டைப் படித்துவிட்டு உள்ளே வந்து, மச்சானைப் பார்த்து, "பரீத் பாய், மூணு பர்னர்ல என்ன வெலைக்கு இருக்கு?" என்று கேட்டார்.

"வாங்கண்ணே, காட்டுறேன்" என்று மச்சான் எழுந்துபோனார்.

வந்தவர் அடுப்பை வாங்கிக்கொண்டு போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "எம் பேரு உமர் பாரூக்குன்னு சொல்ல வேண்டியதுதான மச்சான்? அதுக்குமா வாய் வலிக்குது?"

அவர் பழைய பர்னர் ஒன்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இருக்கட்டும் மாப்ள. பேங்க்ல ஒத்துக்கிட்டதுக்கு அப்புறமா சொல்லிக்கிறேன்."